யாரும் கேட்டு வராத தாள்

குடிநீர் வாரிய அலுவலகத்தில் அவளுக்கு மூக்கக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. எந்தக் காகிதத்தைக் கேட்டாலும் மோப்பம் பிடித்தே எடுத்துவிடுகிறாள் என்று ஒரு ஓவர்சியர் கிண்டலாக ஆரம்பித்து வைத்தது, அப்படியே ஒட்டிக்கொண்டது. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

வீட்டில் கதையே வேறு. கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்துக்கொண்டு வீடு முழுக்கத் தேடுவாள். "ஆபீஸ்ல எந்தத் தெருவுல எந்த பைப் ஓடுதுன்னு கேட்டா கண்ண மூடிட்டுச் சொல்லுவா. பீரோ சாவி எங்கன்னு கேட்டா என் மூஞ்சியப் பாப்பா" என்று கணவர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

அவள் வேலைக்குச் சேர்ந்தது இருபத்து மூன்று வயதில். பதிவறை அலுவலகத்தின் பின்கோடியில், மாடிப்படிக்குக் கீழே தொடங்கி நீளமாக உள்ளே போகும். இரும்பு அலமாரிகள், துணியில் கட்டிய மூட்டைகள், தும்மல். அன்றைக்கு அந்த அறையில் தேடுவதற்கென்று இருந்த ஒரே கருவி ஓர் அட்டெண்டர். முப்பது வருடக் காகிதமும் அவர் தலைக்குள் இருந்தது. பட்டியல் கிடையாது, நம்பர் கிடையாது. இன்ஜினியர்கள் வாசலில் நின்று கேட்பார்கள், அவர் பீடியை அணைத்துவிட்டு உள்ளே போவார், எடுத்து வருவார்.

ஒருமுறை அவருக்கு மஞ்சள் காமாலை வந்தது. அதே வாரம் ஒரு பெரிய குழாய் உடைந்தது. தண்ணீரை நிறுத்த வேண்டிய வால்வு எந்தத் தெருவில், எத்தனை அடி ஆழத்தில் இருக்கிறது என்று காட்டும் வரைபடம் கிடைக்கவில்லை. ஐந்து பேர் சல்லடை போட்டுத் தேடினார்கள். இரண்டு நாள் பாதி ஊருக்குத் தண்ணீர் இல்லை. கடைசியில் அட்டெண்டரை வண்டியில் ஏற்றி அழைத்து வந்தார்கள். அவர் இறங்கக்கூட இல்லை. மஞ்சள் கண்ணோடு வண்டியில் இருந்தபடியே, "ஜன்னல் பக்கம், மூணாவது தட்டு, பச்சை நாடா" என்றார். எடுத்தார்கள். இருந்தது.

எல்லோரும் அவரைக் கொண்டாடினார்கள். மூக்கக்கா மட்டும் கொண்டாடவில்லை. ஓர் ஊரின் தண்ணீர் ஒரு மனிதரின் கல்லீரலை நம்பி ஓடுகிறதே என்று நினைத்தாள். மறுநாளே அட்டைகளை வாங்கினாள்.

அட்டை போடுவதில்தான் அவளுடைய புத்தி தெரிந்தது. முதலில் எல்லோரையும்போலப் பொருள்வாரியாகப் பிரித்துப் பார்த்தாள். குழாய், கிணறு, மோட்டார், புகார். சரிப்படவில்லை. கேட்டு வருகிறவன் அப்படிக் கேட்பதில்லை. ஆகவே ஒவ்வொரு காகிதத்தையும் கையில் வைத்துக்கொண்டு ஒரே கேள்விதான் கேட்டாள்: இதைக் கேட்டு யார் வருவார்கள்? வால்வு வரைபடத்துக்கு ஃபிட்டர் வருவான். புகாருக்கு வக்கீல் வருவார். கிணற்று ஆழத்துக்கு மோட்டார் விற்கிறவன் வருவான். கேட்டு வருகிறவர்களை வைத்துப் பதினான்கு இழுப்பறைகள். சிரித்தவர்கள் எல்லோரும் ஒரே மாதத்தில் வாயை மூடிக்கொண்டார்கள். எதைக் கேட்டாலும் நான்கு நிமிடம்.

அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு சீட்டு ஒட்டினாள்: "யாரும் கேட்டு வராதவை." சாவி வாங்கிய ரசீது, கேட் பாஸ், விடுப்புக் கடிதம். விடுப்புக் கடிதங்கள் அரைத்தாளில் வரும், மின்விசிறி போட்டால் பறக்கும். அதனால் நான்கு நான்காக ஒரு முழுத்தாளில் கோந்து தடவி ஒட்டி, மூலையில் சிவப்பு மசியில் கையெழுத்துக் கிறுக்கி, நாடா கட்டிக் கீழே போட்டுவிடுவாள். வேலை இல்லாத மத்தியானங்களில் ஒரே மூச்சில் ஐம்பது ஒட்டுவாள். மனசுக்கு நிம்மதியான வேலை அது.

அவளுக்கு முப்பத்து நான்கு வயதாக இருக்கும்போது பள்ளிக்கூட மூலையில் சாலை உள்வாங்கியது. வால்வுக் குழிக்குக் கீழே நாள்கணக்காகத் தண்ணீர் கசிந்து மண்ணை அரித்திருந்தது. மேலே தார் அப்படியே இருந்தது. விடிந்த நேரத்தில் வந்த பால் வண்டி உள்ளே இறங்கியது. ஓட்டி வந்தவருக்கு முழங்காலுக்குக் கீழே ஒரு கால் போயிற்று.

அந்தப் பகுதியின் ஃபிட்டர் ஒரு குள்ளமான, அதிகம் பேசாத மனிதர். விசாரணையில் அவர் சொன்னது ஒன்றுதான். "அந்த வால்வைப் பத்தி முன்னாடியே எழுதிக் குடுத்தேன். அரைத்தாள்ல எழுதி ஓவர்சியர்கிட்ட குடுத்தேன்." ஓவர்சியர் சொன்னார்: "என்கிட்ட அப்படி ஒண்ணும் வரலை. அந்த மாசம் இவன் குடுத்தது ஒரு லீவு லெட்டர்தான்." பதிவறையைக் கேட்டார்கள். மூக்கக்கா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒன்பது நாள் தேடினாள். பதினான்கு இழுப்பறையும் பார்த்தாள். கீழ்த்தட்டுவரை போய் அந்த விடுப்புக் கடிதத்தையும் பார்த்தாள். நான்கு நாள் விடுப்பு, ஓவர்சியர் கையெழுத்து, முழுத்தாளில் ஒட்டியபடி இருந்தது. பிறகு எழுதிக் கொடுத்தாள்: "தேடிப் பார்க்கப்பட்டது. அவ்வாறான தாள் எதுவும் பதிவறையில் இல்லை."

மூக்கக்கா இல்லை என்றால் இல்லைதான். ஃபிட்டரைப் பதவி இறக்கி, ஊருக்கு வெளியே பம்ப் ஹவுசில் போட்டார்கள். அதைவிட மோசமானது, அவருக்கு ஒரு பெயர் வந்தது. பால்காரர் காலை எடுத்தவன் என்று பின்னால் சொன்னார்கள். பிறகு முன்னாலேயே சொன்னார்கள்.

அடுத்த வருடம் பிறந்து இரண்டாம் வாரம் அவரிடமிருந்து ஒரு தபால் வந்தது. "நான் எழுதிக் கொடுத்த தாளை இன்னொரு முறை தேடிப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்." மூக்கக்கா தேடினாள். அட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். இல்லை என்று பதில் போட்டாள். அதற்கடுத்த வருடமும் அதே வாரம், அதே வரி. அதன்பின் ஒரு வருடமும் தப்பவில்லை.

உலகத்தில் எங்கெங்கோ என்னென்னவோ மாறியது. பதிவறைக்கு அது சாவகாசமாகத்தான் வந்து சேரும். நான்காவது கடிதம் வந்தபோது அறைக்குள் கம்ப்யூட்டர் வந்திருந்தது. அட்டையில் இருந்ததை எல்லாம் அதில் ஏற்றினார்கள். ஏற்றியபடியே கேட்டால் தரும், ஓர் எழுத்துப் பிசகினாலும் கல்லுப்பிள்ளையாராக உட்கார்ந்திருக்கும். ஓர் இன்ஜினியர் அதற்கும் அவளுக்கும் பந்தயம் வைத்தார். கேட்ட தாளை அவள் எடுத்து வந்து, தூசி தட்டி, தண்ணீரும் குடித்துவிட்டாள். அது இன்னும் 'இல்லை' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. அந்த மாதம் முழுக்க அவள் நடையே தனியாக இருந்தது.

பத்தாவது கடிதத்தின்போது வார்த்தையைப் போட்டால் தேடும் வசதி வந்தது. அவள் ஆசையாக "வால்வு" என்று போட்டாள். ஒன்பதாயிரத்துச் சொச்சம் வந்தது. குடிநீர் வாரியத்தில் வால்வு என்று தேடினால் வேறென்ன வரும். ஒன்றரை மாதம் எடுத்து ஒன்பதாயிரத்தையும் பார்த்தாள். இல்லை. அதையும் எழுதிப் போட்டாள்.

ஃபிட்டர் ஓய்வு பெற்றார். ஓவர்சியர் காலமானார். கடிதம் மட்டும் வந்துகொண்டிருந்தது. வருடத்தில் ஒரு வாரம் அவள் வீட்டில் யாருடனும் சரியாகப் பேசமாட்டாள். "கடுதாசி வந்துடுச்சா?" என்று கணவர் கேட்பார், அவள் தலையாட்டுவாள். அந்த மனிதர் பொய் சொல்கிறார் என்று முதல் சில வருடம் நம்பினாள். பிறகு, பொய் சொல்கிறவன் இத்தனை வருடம் தபால் தலை வாங்குவானா என்ற கேள்வி மண்டையைக் குடைய ஆரம்பித்தது.

இந்த வருடம் இருபத்து இரண்டாவது கடிதம் வந்தது. எழுத்து கோணலாகியிருந்தது. அவள் பழக்கத்தில் படித்து மடிக்கப்போனவள் நின்றுவிட்டாள். வரி மாறியிருந்தது. "நான் எழுதிக் கொடுத்ததாக நினைக்கும் தாளை" என்று இருந்தது.

நினைக்கும். அவள் அந்த ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பப் படித்தாள். மனிதர் தன்னையே சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டார். அந்தத் தாளை இந்த உலகத்தில் பார்த்ததாகச் சொல்ல மிஞ்சியிருந்தது அவருடைய ஞாபகம் மட்டும். அதுவும் போய்விட்டால் அப்புறம் தேடுவதற்கே ஒன்றும் இருக்காது.

நல்லவேளையாக அப்போதுதான் வாரியத்தின் பழைய காகிதத்தை எல்லாம் ஸ்கேன் செய்து முடித்திருந்தார்கள். இரண்டு வருடம் எட்டுப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து ஏழு லட்சம் பக்கத்தை இயந்திரத்துக்குள் தள்ளினார்கள். கீழ்த்தட்டு வேண்டாம் என்று மூக்கக்கா சொல்லிப் பார்த்தாள். எல்லாம் என்றால் எல்லாம் என்று கணினிப் பிரிவுக்காரர் சொல்லிவிட்டார். நாற்பது வயது, வழுக்கைத் தலை, எந்த டீயையும் முழுதாகக் குடிக்காதவர். இப்போது புதிதாக ஒரு தேடலைக் கொண்டுவந்திருந்தார். கையெழுத்தையும் படிக்குமாம். வார்த்தை போட வேண்டாமாம், மனுஷரைக் கேட்பதுபோலக் கேட்டால் போதுமாம்.

"கேளுங்க மேடம். ஆளுகிட்ட கேக்கற மாதிரியே கேளுங்க."

அவளுக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் அந்த வருடத்தைக் குறிப்பிட்டு, ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினாள். "சாலை உள்வாங்கும் என்று முன்பே யாராவது எச்சரித்தார்களா?"

மூச்சு விடும் நேரம்கூட ஆகவில்லை. மூன்று பக்கங்கள் வந்தன. முதலாவது ஓர் அரைத்தாள். நீல மசி, சாய்ந்த எழுத்து.

"நான் லீவில் இருக்கும் நாலு நாளும் பள்ளிக்கூட மூலை வால்வை யாரும் முழுக்கத் திருப்ப வேண்டாம். திருப்பும்போது காலடியில் தரை அதிர்கிறது. மேலே காய்ந்து கிடக்கிறது, உள்ளே சத்தம் கேட்கிறது. ஆள் விட்டுத் தோண்டிப் பார்க்கச் சொல்லவும்."

கீழே ஃபிட்டரின் கையெழுத்து. சாலை இறங்குவதற்குப் பத்தொன்பது நாள் முந்தைய தேதி.

மூக்கக்கா மூக்கின் மேல் விரல் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். பிறகு தாளை இன்னொரு முறை படித்தாள். சாலை என்று அதில் இல்லை. உள்வாங்கும் என்றும் இல்லை. எச்சரிக்கை என்ற சொல்லே இல்லை. அவள் கேட்ட கேள்வியின் ஒரு வார்த்தைகூட அந்தத் தாளில் இல்லை.

"எப்படி சார் கண்டுபிடிச்சுது?"

"அர்த்தத்தைப் பாக்குது மேடம். ஒரே சங்கதியைப் பேசற தாளையெல்லாம் பக்கத்துல பக்கத்துல உக்கார வெச்சிருக்கும். வார்த்தை வேறயா இருந்தாலும் பரவால்ல."

இப்படி ஒரு பொருள் உலகத்தில் இருக்கும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. தானும் வாழ்நாளெல்லாம் செய்தது அதைத்தானே, எந்தத் தாள் எதற்குப் பக்கத்தில் என்று உட்கார வைத்தது. ஆனால் அவள் ஒவ்வொரு தாளுக்கும் ஒரு ஆளைத் தீர்மானித்தாள், இவர் வருவார், இவர் வரமாட்டார் என்று. இது யாரையும் தீர்மானிக்கவில்லை. ஏழு லட்சம் பக்கத்தையும் யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் கேட்டு வருவார்கள் என்று விழித்துக்கொண்டு காத்திருந்தது. இதற்குக் கீழ்த்தட்டே கிடையாது.

அப்புறம்தான் இது எங்கே இருந்தது என்று பார்க்கத் தோன்றியது. முன்பக்கத்தைத் தட்டினாள். நான்கு நாள் விடுப்புக் கடிதம் வந்தது. விசாரணையில் அவள் கையில் எடுத்துப் பார்த்த அதே கடிதம். லீவு கேட்ட கையோடு அதன் பின்பக்கத்திலேயே எழுதியிருக்கிறார் மனிதர். ஓவர்சியர் முன்பக்கத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார். அதற்கு முந்தைய படத்தைத் தட்டினாள். ஒரு முழுத்தாள். மூன்று அரைத்தாள்கள் ஒட்டியிருந்தன, நான்காவது இடத்தில் வெறும் பழுப்புக் கோந்துக் கறை. வருடக்கணக்கில் காய்ந்து கோந்து விட்டுப்போக, தாள் கழன்று விழுந்திருக்கிறது. ஸ்கேன் இயந்திரம் இரண்டு பக்கத்தையும் ஒருசேர விழுங்கியிருக்கிறது. மூலையில் சிவப்பு மசியில் கையெழுத்து.

அவளுடைய கையெழுத்து. எழுத்து இருந்த பக்கத்தில் கோந்து தடவி, உள்ளங்கையால் அழுத்தி, சுருக்கம் இல்லாமல் ஒட்டியவள் அவள்தான். "என்ன மேடம், டீ சொல்லட்டுமா?" என்று கணினிப் பிரிவுக்காரர் கேட்டது அவள் காதில் விழவில்லை.

மேலதிகாரி நல்லவர்தான். தாளைப் பார்த்து அவரும் அசந்துபோனார். "கிடைத்தது, நகல் இணைப்புன்னு பதில் போட்டுடுங்க. ஒட்டினது யாரு எவருன்னு எல்லாம் எதுக்கு? அந்தக் கறையை யாரு பாக்கப் போறா?" என்றார்.

"நான் பாத்துட்டேனே சார்" என்றாள்.

அவளே பதிலை எழுதி, கையெழுத்துப் போட்டு, அவரிடம் ஒப்புதல் வாங்கி, தபாலில் போடாமல் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

ஃபிட்டரின் வீடு ஒரு சந்தின் கடைசியில் இருந்தது. முன்னறைச் சுவரில் நான்கு ஸ்பேனர்கள் ஆணியில் தொங்கின. மனிதர் பாதியாக இளைத்திருந்தார். அவர் மனைவி தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். யார் என்று சொன்னதும் ஃபிட்டர் எழுந்து நிற்கப் பார்த்தார்.

"உக்காருங்க அண்ணே. நானே குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

அவள் நகலை நீட்டினாள். அவர் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, உதடு அசையப் படித்தார். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தார். பிறகு திருப்பி விடுப்புக் கடிதத்தைப் படித்தார்.

"என் எழுத்துதான்" என்றார். "இதுக்குப் பின்னாடியா எழுதினேன்."

"ஒட்டினது நான்தான் அண்ணே. முன்பக்கம் மட்டும் பாத்து, லீவு லெட்டர்னு ஒட்டிட்டேன். விசாரணைக்குத் தேடறப்போ கையிலயும் எடுத்தேன். பின்னாடி என்னன்னு தோணலை. இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டேன். வருஷா வருஷம் குடுத்தேன்" என்றாள். "என்னை நீங்க என்ன சொன்னாலும் தகும்."

அவர் நகலின் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"இந்த வருஷம் எழுத உக்காந்தா கை ஓடலைம்மா" என்றார் கடைசியில். "முன்னெல்லாம் கண்ண மூடினா அந்தத் தாள் தெரியும். இப்போ அந்த டிரைவர் மூஞ்சிதான் தெரியுது. நானா கட்டிக்கிட்ட கதையோன்னு ஆயிடுச்சு. இதுல பாருங்க, தரை அதிருதுன்னு எழுதியிருக்கேன். ஆமா, அதிர்ந்துச்சு. கால்ல இப்பவும் தெரியுது."

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மனைவி தலையைத் தூக்காமலே பேசினாள். "நான் ரொம்ப நாளாவே நம்பலை."

உரித்ததைப் போட்டுவிட்டு அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

"நம்பற மாதிரி இருந்தேன். தபால் தலை வாங்கிட்டு வந்து குடுத்தேன். அவ்வளவுதான்."

"தெரியும்" என்றார் ஃபிட்டர்.

"எப்படித் தெரியும்?"

"பதில் வந்தா, கிடைச்சுதான்னு நீ ஒரு தடவைகூடக் கேக்கலையே."

மூக்கக்காவுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. பையிலிருந்து அலுவலகப் பதிலை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அதில் இரண்டே வரிகள். "தாங்கள் எழுதிக் கொடுத்த தாள் கிடைத்தது. அதை ஒட்டி மறைத்ததும், இல்லை என்று சான்று கொடுத்ததும் பதிவறைப் பொறுப்பாளராகிய நான்." ஃபிட்டர் அதை வாங்கியதும் முதலில் பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகே முன்பக்கத்தைப் படித்தார்.

மனைவி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து, அவர் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாள். கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அதை அவள் துடைக்கவில்லை.

"கிடைச்சுதா?" என்று கேட்டாள்.

"கிடைச்சுது" என்றார் அவர்.